ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீர்

மூக்கில் கவ்வி மாட்டினாள் ஜெசிமா.
நீலக் குழல் ஒன்று, உள்ளே ஸ்பிரிங்.
"வாயால இழுங்க சீனியம்மா.
ஸ்பிரிங் அசைஞ்சாத்தான் காத்து வரும்."

இழுத்தேன்.
வரவில்லை.

எத்தனையில் வைத்திருக்கிறாய் என்றேன்.
ஒன்பது.
ஒன்பது என்ன?
ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீர்.
மூச்சின் பலத்தைத் தண்ணீரால்தான் அளப்பார்களாம்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும்,
அடக்கிக்கொண்டேன்.
அப்பா தீவுக்குக் கிழக்கே
இரண்டு பாகத் தண்ணீரில் தலைகீழாய் இறங்கி
மரிக்கொழுந்துப் பாசி பறித்தவள் நான்.
விரலில் துணி சுற்றி, புருஷன் சட்டையை மாட்டி,
இடுப்பில் வலைப்பை கட்டி,
ஒரு மூச்சுக்கு மூன்று கை.
இன்றைக்கு ஐந்து விரற்கடைத் தண்ணீர்
என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறது.

கடல் இதைச் செய்யவில்லை.
தீவுப் பக்கம் போகாதே என்று தடுத்த நாட்களில்
கடலாடிப் பக்கம் கரிமூட்டத்துக்குப் போனேன்.
உள்ளே கருவேலம் வேகும்.
மூட்டத்தில் வெடிப்பு விழுந்தால்
புகைக்குள் முகத்தை விட்டு மண் பூச வேண்டும்.
பதினோரு வருஷம்.
அங்கே மூச்சை அடக்க எனக்குத் தோன்றவில்லை.
தண்ணீர் என்றால் தோன்றியிருக்கும்.

"கரையில போட்ட மீன் மாதிரி இருக்காம்மா?"
பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்.
மீனுக்கு அது ஒரு தடவைதான் என்றேன்.

ஜெசிமா பொய் சொல்லவில்லை.
நுரையீரல் கெட்டது கெட்டதுதான்.
வெளியேறாத காற்று உள்ளேயே தேங்கி
விலாவுக்குக் கீழே இருக்கும் தசையைத்
தட்டையாய் அமுக்கி வைத்திருக்கிறது,
இந்தப் பயிற்சி அதற்கு மட்டும்.
தாளில் வரைந்து காட்டினாள்.
எனக்குத் தெரியும் அதை.
மணலுக்குள் படுத்த திருக்கை.
ஓரம் மட்டும் துடிக்கும்,
எழும்ப மாட்டாமல்.

காலையில் முப்பது, மாலையில் முப்பது,
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில்.
பன்னிரண்டில் தலை சுற்றியது.
கச்சான் மணலை வாரி அடித்த வாரம்
ஒருநாளும் செய்யவில்லை; திரும்பவும் ஒன்பது.
வெளியே எவ்வளவு காற்று!
கதவைத் தள்ளுகிறது, தகரத்தைப் பிடுங்குகிறது,
எனக்கு ஒரு கரண்டி இல்லை.
பதினைந்து.
பதினெட்டில் ஒரு மாதம் அசையாமல் நின்றது.
ஒருமுறை குழலை வீசி எறிந்தேன்.
இருளாயி எடுத்துக் கழுவி வைத்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

இருளாயி என் ஓரகத்தி.
இப்போது அவள் முங்குகிறாள்.
நான் கரையில் பிரித்து, உலர்த்தி, விற்கிறேன்.
விற்பதற்கும் மூச்சு வேண்டும்.
வியாபாரிக்கு அது தெரியும்.
"ஈரம் போகப் பதினெட்டு" என்பார்.
"இல்லண்ணே, நேத்தே காஞ்..."
அதற்குள் எனக்குக் காற்று தீர்ந்துவிடும்.
மிச்சத்தை அவரே சொல்லி முடித்துச்
சீட்டு எழுதுவார்.

ஐந்தாம் மாதம். இருபத்தொன்று.
தராசு இருபது கிலோவில் நின்றது.
ஈரம் போகப் பதினெட்டு என்று
சாக்கில் கை வைத்தார்.
வயிற்றிலிருந்து மெல்ல, விலா விரியும்வரை,
முங்கப் போகிறவள் இழுப்பதுபோல் இழுத்தேன்.

"மூணு வெயில் கண்ட பாசிக்கு ஈரம் கழிக்கிறது எந்த ஊர்க் கணக்கு, தட்டுக்கு அடியில முட்டுக்குடுத்திருக்க கல்லை எடுத்துப்போட்டு மறுபடி நிறுங்கண்ணே."

நடுவில் எங்கும் நிற்கவில்லை.
சொன்னபிறகு வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
ரொம்ப நேரம் நின்றேன், அது வேறு.

இருபத்து மூன்றரை.

சாயங்காலத்து முப்பது
இன்னும் பாக்கி.